ரெஜினா பெயரில் நான் எழுதிய பதில்

என் பெயர் இளவேனில். வயது 23. தகப்பனார் வெள்ளைச்சாமி, சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. மந்தாரக்குப்பத்தில் பெற்றோருடன் குடியிருக்கிறேன். பி.காம். முடித்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனது நான் ஒருத்திதான். நெய்வேலி டவுன்ஷிப்பில் சிறு வியாபாரம் செய்யும் நான்கு பேருக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் நடத்திக் கொடுத்து வருகிறேன். படம் எடுப்பது, எழுதுவது, வாடிக்கையாளர் கேட்பதற்குப் பதில் அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. எனக்கு நேரில் பேச வராது. எழுதினால் வரும். இன்று காலை பத்து மணிக்கு, யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

அந்த நால்வரில் ஒருவர் ரெஜினா, வயது 41. பிளாக் 19 குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு இட்லிப் பொடி, பருப்புப் பொடி விற்கிறார். கணவர் சைமன்ராஜ் சுரங்கத்தில் ஆபரேட்டர். சென்ற ஜனவரியில் ரெஜினா என்னிடம் பக்கம் தொடங்கித் தரச் சொன்னார். நான் அவர் சொந்தமாகப் பேசுவது போலவே எல்லாம் எழுதினேன். வீட்டுக் கைப்பக்குவம் என்று தெரிந்தால்தான் நம்பி வாங்குவார்கள் என்று சொல்லி, அவர் உரலில் பொடி இடிப்பது போல் ஒரு வீடியோ எடுத்தேன். ரெஜினா வீட்டில் உரல் கிடையாது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் மண் நிரப்பிச் செம்பருத்தி வைத்திருந்த உரலைக் கேட்டு வாங்கிக் கழுவினோம்.

அப்போது ரெஜினா, "இன்னா புள்ள இது, இதுல இடிச்சிக்கினு இருந்தா ஒரு கிலோவுக்கு ஒரு வாரம் ஆவும். பாக்கறவங்க சிரிப்பாங்க" என்றார். நைட் ஷிப்ட் முடிந்து வந்திருந்த சைமன்ராஜ், "உலக்கையப் புடிச்சிக்கினு நிக்கறத இப்பதான் பாக்கறேன். இனிமே எதிர்த்துப் பேச மாட்டேன்பா" என்றார். ரெஜினா சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் வீடியோவின் முதலில் வைத்தேன். பதினோராயிரம் பேர் பார்த்தார்கள்.

உண்மையில் ரெஜினா பொடி அரைப்பது வடலூரில் ஒரு மாவு மில்லில். இது எனக்குத் தெரியும். மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை அவருடன் நானும் போயிருக்கிறேன். மில்லில் முன்னால் அரைத்தவருடையது கொஞ்சம் மெஷினிலேயே தங்கி அடுத்தவருடையதில் வரும். அதனால் ரெஜினா வரிசையில் நின்றதும் முன்னால் நிற்பவரிடம், "நீங்க இன்னாங்க அரைக்கிறீங்க?" என்று கேட்பார். அன்று முன்னால் இருந்தவர் மிளகாய் என்றதும், பின்னால் அரிசியோடு நின்ற இரண்டு பேரை முன்னே விட்டுவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தார். அப்படியும் முதலில் விழுந்த இரண்டு கைப்பிடியைத் தனியாக எடுத்து வீட்டுக்கு வைத்துக்கொண்டார். மில்காரர், "உங்களுக்குன்னு தனி மெஷின் வாங்கிப் போட்டுட்றேன், போதுமா?" என்றார். "போடுங்க, பூசைக்கு நான் வரேன்" என்றார் ரெஜினா. நான் அதைப் படம் எடுக்கவில்லை. மெஷினைக் காட்டினால் கடைப் பொடி மாதிரி தெரியும் என்று போனைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

அதன் பிறகு இம்மாதம் 4ஆம் தேதி பகல் 11.20க்கு உமாராணி என்பவர் அந்தப் பக்கத்துக்குச் செய்தி அனுப்பினார். "அக்கா, என் பொண்ணுக்கு வேர்க்கடலை கொஞ்சம்கூட ஆகாது. உங்க பொடில இல்லன்னு போட்டிருக்கு. அரைக்கிற இடத்துல கலக்க வாய்ப்பு இருக்கா?" என்று கேட்டிருந்தார். நான் ரெஜினாவிடம் கேட்கவில்லை. இரண்டு நிமிடத்தில், "இல்லம்மா, மெஷினே கெடயாது. என் வூட்டு உரல்ல நானே இடிக்கிறேன். தைரியமா குடுங்க" என்று பதில் அனுப்பினேன். ரெஜினா பேசுவது போல் இருக்க வேண்டும் என்று அவர் பேச்சிலேயே எழுதினேன். வீடியோவில் ஒன்றும் பதிலில் ஒன்றும் சொல்ல முடியாது என்பதுதான் அப்போது என் நினைப்பில் இருந்தது.

அதன் பிறகு 6ஆம் தேதி மாலை உமாராணி நேரில் போய் ரெஜினாவிடம் கால் கிலோ இட்லிப் பொடி வாங்கினார். ஏற்கெனவே கேட்டுவிட்டதால் மறுபடி கேட்கவில்லை. கேள்வி வந்ததே ரெஜினாவுக்குத் தெரியாது. "நல்லெண்ணெய் ஊத்திக் குடும்மா, புள்ள நல்லா சாப்புடும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்த முறை மில்லில் அவருக்கு முன்னால் வேர்க்கடலை அரைத்தார்கள் என்றும், வழக்கம்போல் இரண்டு பேரை விட்டுத்தான் போட்டார் என்றும் பிறகு என்னிடம் சொன்னார். ருசி மாறாமல் இருக்க அது போதும். அந்தக் குழந்தைக்குப் போதவில்லை.

7ஆம் தேதி காலை அந்தப் பொடி தொட்டு இட்லி சாப்பிட்ட உமாராணியின் மகள் இசைப்பிரியா, வயது ஆறு, உதடு வீங்கி மூச்சு விட முடியாமல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். இப்போது வீட்டில் இருக்கிறாள். உமாராணி கொடுத்த புகாரில் ரெஜினாவின் பெயர் உள்ளது. இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருப்பதும் அவர் பெயரும் அவர் முகமும்தான்.

அதன் பிறகு நேற்று மாலை ரெஜினா எனக்குப் போன் செய்தார். "நானே எழுதுனேன்னு ஸ்டேஷன்ல சொல்லிட்டேன். நீ கல்யாணம் ஆவப்போற பொண்ணு, வேலைக்கு எழுதிப் போட்டுக்கினு இருக்கற. ஸ்டேஷன் பக்கம் வராத" என்றார். அவரே வைத்துவிட்டார். அதன் பிறகு அந்தப் பதிலைத் திறந்து பார்த்தேன். நான் அழித்தால் உமாராணியின் போனிலிருந்தும் போய்விடும். அழிக்கவில்லை.

ரெஜினா நேற்று கொடுத்த வாக்குமூலம் சரியல்ல. அந்தப் பக்கத்தின் கடவுச்சொல் அவருக்குத் தெரியாது. பதில் அனுப்பிய போனை இத்துடன் ஒப்படைக்கிறேன். உமாராணியின் கேள்வி ரெஜினாவிடம் போயிருந்தால், மில்லில் அரைப்பதைச் சொல்லி வாங்க வேண்டாம் என்றிருப்பார். அது போகாததற்கு நான்தான் காரணம்.

மேலே தாம் எழுதிக்கொண்டதை உதவி ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். அதில் 'மில் விவரம் அறியாமல் எழுதிவிட்டேன்' என்று ஓரிடத்தில் இருந்தது. "இருக்கட்டும்மா, உனக்கு நல்லது" என்றார். அந்த வரியை அடித்துவிடச் சொன்னேன். தெரிந்துதான் எழுதினேன். அடித்த இடத்திலும், மற்றவை நான் சொன்னபடியே உண்மையாக உள்ளன என்பதற்கு இங்கேயும் கையொப்பம் இட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) வெ. இளவேனில்