இடது காலுக்கு எட்டுப் படம்

விருதைக் கொடுங்க, வேண்டாம்னு சொல்லல. அலமாரியில இடம் இருக்கு. ஆனா என் படத்து வாத்து மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு ஒருத்தன் மேடையில நடக்கறது மட்டும் கூடாது. அதை முதல்ல எழுதிக்கங்க.

ஏன்னு கேக்கறீங்களா? அவசரப்படாதீங்க, காபியக் குடிங்க.

முப்பத்தெட்டு வருஷம் கார்ட்டூன் வரைஞ்சேன், இயக்கினேன். அதுல பாதி, முட்டாளுங்ககிட்ட விளக்கம் சொல்லியே போச்சு. எங்க முதலாளிக்கு நாங்க வச்ச பேரு ரப்பர். எதைக் கொண்டு போனாலும் அழின்னுவாரு. அவருக்கு ஒரு கோடு நேராப் போட வராது. அவரையும் தூக்கிச் சாப்பிட்டான் ஒரு விமர்சகன். வாத்தோட நொண்டி நடை உழைக்கிற வர்க்கத்தோட குறியீடாம். நாலு பக்கம் எழுதினான். நீங்களும் அதைப் படிச்சுட்டுதான் வந்திருக்கீங்க, முகத்துல எழுதி ஒட்டியிருக்கு.

குறியீடும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சாதாரண நடைக்கு ஒரு அடிக்குப் பன்னெண்டு படம் வரைவோம். நான் வலது கால் ஊனி நிக்கப் பன்னெண்டு வரைஞ்சேன், இடது காலுக்கு எட்டுதான். வலிக்கிற கால் தரையில பட்டதும் சட்டுனு எடுத்துக்கும் இல்லையா, அதுதான். வேற வித்தை கிடையாது. ஊரே விழுந்து விழுந்து சிரிச்சுது. தெருவுல ஒருத்தன் நொண்டினாலே சிரிக்கிற ஜனம், வரைஞ்சு காட்டினா விடுமா?

யாரைப் பார்த்து வரைஞ்சேனா? பரவால்லியே. இத்தனை வருஷத்துல இதைக் கேட்ட மொத ஆளு நீங்கதான்.

எங்க அண்ணனை. மத்தியானம் எனக்குச் சாப்பாடு எடுத்துட்டு வருவாரு. ஸ்டூடியோவுல நீளமா ஒரு வராந்தா. அந்தக் கோடியிலேருந்து அவர் நடந்து வர்றத, நான் மேஜைக்கடியில ஸ்டாப்வாட்ச்ச வச்சுக்கிட்டு கணக்கு எடுப்பேன். வாத்து கையில ஒரு வாளி ஆடுமே, அது அந்த சாப்பாட்டு கேரியர்தான்.

மொத காட்சிக்கு என் பக்கத்துல உக்காந்திருந்தாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. வாளியப் பார்த்ததும் நிறுத்திட்டாரு. படம் முடிஞ்சு எழுந்தப்போ, நீ முன்னாடி போடான்னாரு.

விழாவுக்கு வரேன்னிருக்காரு. கதவை ஒட்டி ஒரு நாற்காலி போட்டு வைங்க.

அன்னிலேருந்து எங்க போனாலும் எனக்குப் பின்னாடிதான் வராரு. அவர் நடந்து நான் பார்த்து இருபத்தொம்பது வருஷமாச்சு.