ஏழரையும் இரண்டும்

– எனக்குச் சரியா ஞாபகம் இருக்கான்னே தெரியல லிண்டா. செவ்வாயா, புதனா?

– எதும்மா?

– உங்கப்பாவுக்கு டாக்டர் தூக்க மாத்திரையை மாத்தினது.

– செவ்வாய். அப்பா விழுந்தது வெள்ளி காலைல. இப்ப எதுக்கு இந்த டப்பாவைத் திறந்து வெச்சிருக்க? நாளைக்கு முப்பதாம் நாள் பூசை. கொடு, தூக்கிப் போட்டுடறேன்.

– கிண்டி மெடிக்கல் ஷாப்புல நாள் முழுக்க இதைத்தானே விக்கிற. சொல்லு. இந்தப் பழைய அட்டைக்கும் புது அட்டைக்கும் என்ன வித்தியாசம்?

– ரெண்டும் ஒரே வகைதான்.

– பேர் வேற. பழசு சோபிக்லோன். புதுசுல முன்னாடி ஒரு எஸ் இருக்கு.

– ரெண்டு கை மாதிரின்னு வெச்சுக்கோ. பழசுல இடது, வலது ரெண்டும் கலந்திருக்கும். வேலை செய்யறது ஒரு கைதான். புதுசுல அந்த ஒண்ணை மட்டும் பிரிச்சு எடுத்திருக்காங்க. அதான் மில்லிகிராம் கம்மி.

– பழசுல ஏழரை. ‘ஏழரை வந்து கட்டில்ல ஏறிடுச்சு ஃப்ளோரன்ஸ்’னு சிரிப்பார்.

– ம்.

– புதுசுல ரெண்டு.

– அந்த ரெண்டே போதும்மா. பழசை நிறுத்திட்டுத்தான் புதுசு.

– முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சர் நான். ஏழரைக்கே தூங்காத மனுஷனுக்கு ரெண்டு எப்படிப் பத்தும்னு நினைச்சேன்.

– அம்மா.

– ரெண்டையும் சேர்த்துக் கொடுத்தேன். செவ்வாய், புதன், வியாழன். வெள்ளி காலைல தள்ளாடிக்கிட்டேதான் பாத்ரூம் போனார். நான் பூசைக்குப் புடவை கட்டிக்கிட்டு இருந்தேன். சத்தம்தான் கேட்டுச்சு.

– தம்பிகிட்ட சொன்னியா?

– ஆஸ்டின்கிட்டயா? யார்கிட்டயும் இல்ல. நாளைக்கு ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணணும். என்னன்னு சொல்றது? கொன்னுட்டேன்னா?

– ஒண்ணும் சொல்ல வேணாம். அப்பா அதை முழுங்கவே இல்ல.

– என்னடி சொல்ற?

– ஆஸ்பத்திரிக்குத் துணி எடுக்க வந்தேன்ல? தலையணை உறைக்குள்ள ஆறு மாத்திரையும் கிடந்துச்சு. உனக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சிருக்கார். நீ சங்கடப்படுவேன்னு நான் சொல்லல.

– முழுசாவா?

– முழுசு முழுசா. சத்தியமாம்மா. நானே எடுத்துக் குப்பையில போட்டேன்.

– அவருக்கு மாத்திரை தொண்டையில நிக்கும்டி. மூணு நாளும் பொடிச்சு, கஞ்சியில கலக்கித்தான் ஊட்டினேன்.