ரொசலி பானை

கடல் இப்பக் கெடக்குத எடத்துல இருந்து இன்னும் ஒரு கூப்பிடு தூரம் அந்தப் பக்கம் கெடந்துச்சாம். அந்தக் காலத்துல, இதே குருசுமுனை ஊர்ல, ரொசலின்னு ஒரு பிள்ளை இருந்துச்சாம். எனக்கு அவ பூட்டி முறை. பூட்டின்னதும் பல்லு போன கெழவிய நெனைக்காதீங்க. இந்தக் கதையில அவளுக்கு வயசு பத்து.

ஏளா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, காத்து வரட்டும். பெற்றோர் கூட்டம்னு ஒம்பது மணிக்கு வரச் சொல்லிட்டு ஹெட்மாஸ்டரக் காணும். வெளியூருல இருந்து வந்த மருமக்கமாரு நாலு பேரு இருக்கீங்க. உங்களுக்குத்தான் சொல்லுதேன், கேளுங்க.

அப்பந்தான் நம்ம ஊருக்கு மொதப் பள்ளிக்கூடம் வந்துச்சாம். பனை ஓலைக் கொட்டகை. பதினாலு பிள்ளைய. வாத்தியார் பேரு ஞானமுத்து. அவரு கடக்கரை ஆளு இல்ல, மேக்க வயக்காட்டு ஊரு. நல்ல மனுசன்தான், கெட்டவருன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அவருக்கு முன்ன அவரு பிரம்பு பேசும்னு சொல்லுவாவ.

ஒருத்தியப் பாத்து, "மூவஞ்சு எத்தன?"ன்னு கேப்பாராம். பதினாலும் எந்திரிச்சி நிக்குமாம். பதினாலும் சேந்து "பதினஞ்சு!"ன்னு கத்துமாம். அவருக்குக் கோவம் வருமா வராதா? "ஒருத்தியக் கேட்டா ஊரே பதில் சொல்லுது. திருட்டுப் படிப்பு!"ன்னு பதினாலுக்கும் அடி.

நம்ம பிள்ளைய என்ன செய்யும், பாவம்? அதுக பழகுனது, கரையில நின்னு ஊரே சேந்து இழுக்க கரவலைக் கயித்துல. நாலு வயசுப் பிள்ளைய ரெண்டு பெரிய ஆளுக்கு நடுவுல நிப்பாட்டிருவாவ. இப்பிடிப் புடி, அப்பிடிப் புடின்னு ஒருத்தரும் சொல்லித் தர மாட்டாவ. பக்கத்து ஆளப் பாத்துப் பாத்தே கை பழகிரும். கயித்துல ஒரு ஆளத் தனியா விட்டுட்டா ஊரே காறித் துப்பும். அந்தப் பழக்கம் கொட்டகைக்குள்ள வந்தா மாறிருமா?

ஊர்ப் பொம்பளைய போயிக் கேட்டாவளாம். "ஒண்ணா இழுத்தாத்தான வாத்தியாரே வலை கரைக்கு வரும்?"

"இது வலை இல்லம்மா, படிப்பு. அவுங்கவுங்க மண்டையில இருந்து வரணும்"னுட்டாராம்.

சொன்னதோட விட்டாரா? பிள்ளையளப் பிரிச்சி, மூலைக்கு ஒண்ணா, தூணுக்கு ஒண்ணா உக்கார வச்சாரு. அதுக்கப்புறம் பாதிப் பிள்ளைய வாயே தொறக்கல. ரொசலி மட்டும் கேக்கல. எந்தப் பிள்ளை முழிச்சிக்கிட்டு நின்னாலும் ஓடிப் போயிப் பக்கத்துல நிப்பாளாம். அடிச்சிப் பாத்தாரு, வெயில்ல நிப்பாட்டிப் பாத்தாரு. கடைசியில, "ஏட்டி ரொசலி, இனிமே நீ இன்னொருத்திக்காக எந்திரிச்சேன்னா பதிவேட்டுல உன் பேர அடிச்சிருவேன். அப்புறம் இந்தப் பக்கம் வரப்பிடாது"ன்னுட்டாரு.

ரொசலி நடுங்கிப் போனா. அவளுக்குப் படிப்புன்னா உசுரு. புளி மடிச்ச காயிதத்தக்கூட விரிச்சி வாசிச்சிட்டுத்தான் போடுவாளாம். வேற பள்ளிக்கூடம்னா ஏழு மைலு. பொம்பளப் பிள்ளைய யாரு விடுவா? அன்னைக்கு இருந்து அவ உக்காந்த எடத்த விட்டு அசையல.

அப்பிடி இருக்கையில இன்ஸ்பெக்டர் வந்தாராம். பத்துப் பிள்ளையாவது தனியா நின்னு வாசிக்கணும். இல்லன்னா பள்ளிக்கூடத்த எடுத்துருவாவ. ஒண்ணொண்ணா நிப்பாட்டுனாரு. ஒம்பது பிள்ளைய தேறிச்சி. நாலு தேறல. கடைசியா மிச்சம் ஒருத்தி, பிலோமி. ஐயோ, அவளா! ரொசலிகூட மணல்ல உக்காந்து வாசிச்சா கடகடன்னு வாசிப்பா. தனியா நிப்பாட்டுனா நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிடும்.

புஸ்தகத்த விரிச்சிக் குடுத்தாரு. உழவன் பாடம். ஏரு, கலப்ப, நாத்து. அந்தப் பிள்ளை கலப்பையக் கண்ணால கண்டிருக்குமா? கண்ணு நெறையுது. வாத்தியாருக்கு மொகம் செத்துப் போச்சி.

ரொசலி எந்திரிச்சிட்டா.

"உன்னையா கேட்டேன்?"ங்காரு இன்ஸ்பெக்டர்.

"இல்லங்க ஐயா."

"பின்ன? அவளுக்குச் சொல்லிக் குடுக்கப் போறியா?"

"சொல்ல மாட்டங்க ஐயா. சும்மா நிக்கேன்."

"வாயி இருக்கே, சொல்லிருவியே!"

ரொசலி என்ன செஞ்சா தெரியுமா? விறுவிறுன்னு மூலையில இருந்த தண்ணிப் பானைகிட்டப் போனா. ஒரு தேங்காச் செரட்டத் தண்ணிய மோந்து வாயில ஊத்திக்கிட்டா. கன்னம் ரெண்டும் உப்பிப் போச்சி. அப்பிடியே வந்து பிலோமி பக்கத்துல நின்னா. "கண்ணால சாடை காட்டுவ"ன்னாரு. திரும்பி முதுகக் காட்டி நின்னுக்கிட்டா. இப்ப என்ன சொல்லுவாரு?

பிலோமி வாசிக்க ஆரம்பிச்சா. எழுத்துக்கூட்டி, எழுத்துக்கூட்டி, தட்டித் தடவி. ரொசலிக்கு மூக்கு வழியாத்தான் மூச்சு, உஸ்ஸு உஸ்ஸுன்னு. ஒரு பக்கம் முடிஞ்சிது. ரெண்டாம் பக்கத்துல பிலோமி சத்தம் பெருசாச்சி. கடைசி வரிய, கடலுக்குக் கேக்க மாதிரி கத்தி முடிச்சாளாம். பத்து!

ஓடிப் போயித் தண்ணியத் துப்பிட்டு வந்த ரொசலி, வாத்தியாரப் பாத்து, "எம் பேர அடிச்சிட்டீயளா வாத்தியாரே?"ன்னு கேட்டா. கண்ணுல பொலபொலன்னு தண்ணி.

"பேர அடிக்கதா? என்ன அது?"ன்னு இன்ஸ்பெக்டர் கேட்டாரு. வெவரத்தச் சொல்ல வேண்டியதாப் போச்சி. "சொன்னா சொன்னபடி செய்யணும் வாத்தியாரே. இல்லன்னா நாளைக்கு உம்ம எவன் மதிப்பான்? அடியும் பேர"ன்னுட்டாரு அவரு.

ஞானமுத்து வாத்தியார் பதிவேட்டப் பாத்தாரு. பிள்ளையப் பாத்தாரு. பேனாவக் கீழ வச்சிட்டாரு. நேரா பானைகிட்டப் போயி, ஒரு செரட்டத் தண்ணிய மோந்து தன் வாயில ஊத்திக்கிட்டு, ரொசலி பக்கத்துல வந்து நின்னுட்டாராம்! கன்னம் உப்பி, மீசையில தண்ணி சொட்ட, பிரம்பு புடிச்ச மனுசன்!

"என்னய்யா இது, பதில் சொல்லும்!" வாயில தண்ணிய வச்சிக்கிட்டு எப்பிடிச் சொல்லுவாரு? பிலோமி போயி மோந்தா. பொறத்தால பன்னெண்டு பிள்ளையளும் வரிசையாப் போயி மோந்துச்சாம். இன்ஸ்பெக்டர் நின்னு நின்னு பாத்தாரு. என்னத்தையோ எழுதுனாரு, வண்டியேறிப் போயிட்டாரு. என்ன எழுதுனாருன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் நின்னுச்சி, ரொசலி பேரும் நின்னுச்சி, அது போதும்.

அன்னைக்கு இருந்துதான் நம்ம பள்ளிக்கூடத்துல வகுப்புக்கு ஒரு பானை, போர்டுக்குப் பக்கத்துல. அதுக்குப் பேரு ரொசலி பானை. ஒரு பிள்ளை பயந்து நின்னா இன்னொண்ணு வாய் நெறையத் தண்ணியோட முதுகக் காட்டி நிக்கும். எத்தனையோ வாத்தியார் வந்தாவ, ஒருத்தரும் அந்தப் பானைய எடுக்கல.

அதனால மருமக்கமாரே, உங்க பிள்ளை சட்டை முன்னால நனைஞ்சி வீட்டுக்கு வந்தா கம்ப எடுக்காதீங்க. இன்னைக்கு அது யாருக்கோ தொணைக்கு நின்னுட்டு வந்துருக்கு.