நான்கு அடிக்கு மேல்

ஏட்டையா முதலில் கோடு போட்ட தாள்தான் கொடுத்தார். எனக்குக் கோடு போடாத வெள்ளைத் தாள்தான் பழக்கம் என்றேன். முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார், நல்ல மனிதர். நடந்ததை என் கைப்படவே எழுதிக் கொடுக்கச் சொன்னதும் வசதியாகத்தான் இருக்கிறது. வாயால் சொன்னால் முன்னுக்குப் பின் ஆகிவிடும். எழுதினால் ஒழுங்காக வரும்.

என் பெயர் நாறும்பூநாதன். வயது நாற்பத்தொன்பது. இருபது வருடம் கட்டட வேலைகளில் மேற்பார்வை பார்த்தேன். 1994-இல் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மருந்துக்கடை மாடியில் இரண்டு கம்ப்யூட்டர் போட்டு, வீட்டுப் படம் வரையக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு ஆரம்பித்தேன். அப்போது ஊரில் எல்லோரும் பலகையில் தாள் ஒட்டிக் கையால் வரைந்துகொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டரில் வரைந்த படம் என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு ஜன்னல் வரையவே ஒரு நாள் பிடிக்கும். அழுகிற முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்காகத்தான் துண்டுகள் செய்தேன். துண்டு என்பது நான் வைத்த பெயர். ஜன்னல் துண்டைக் கூப்பிட்டால் அது அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று கேட்கும். இரண்டு எண்களைத் தட்டினால் சட்டம், கம்பி, கண்ணாடியோடு ஜன்னல் தானே வந்து நிற்கும். எண்ணை மாற்றினால் ஜன்னலும் மாறும். அடுத்த வீட்டுக்கும் அதையே எடுத்துக்கொள்ளலாம். கதவு, படிக்கட்டு, சன்ஷேடு, பால்கனி என்று நாற்பத்திரண்டு துண்டுகள். மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமைகூட நாற்காலியை விட்டு எழாமல் செய்தவை. ஒவ்வொன்றின் மூலையிலும் பொடி எழுத்தில் என் பெயர் இருக்கும். எனக்குப் பிள்ளைகள் இல்லை என்பதை இதோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. அது தேவையில்லாத பேச்சு.

சித்ரலேகா 1996-இல் என்னிடம் படிக்க வந்தாள். கல்லூரியில் மனையியல் படித்தவள். கல்யாணமாகி ஒரு குழந்தை இருந்தது. கெட்டிக்காரி என்பதை நான் மறைக்கவில்லை. மற்றவர்கள் மூன்று மாதத்தில் படித்ததை அவள் ஐந்து வாரத்தில் முடித்தாள். முடித்த கையோடு பேட்டை ரோட்டில் தனியாக ஆபீஸ் திறந்தாள். அதிலும் எனக்கு வருத்தமில்லை. வாழ்த்திவிட்டுத்தான் வந்தேன்.

போன வருடம் பாளையங்கோட்டையில் கட்டட ஒப்பந்தக்காரர்கள் கூடியிருந்த கூட்டத்தில் அவள் மேடையேறி, ஐந்து நிமிடத்தில் ஒரு மாடி வீட்டை வரைந்து காட்டினாள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வந்து விழுந்த ஜன்னலும் கதவும் படிக்கட்டும் என்னுடையவை. மூலையில் மட்டும் அவள் பெயர் இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்தார் என்பதால் நானும் தட்டினேன். வயிறு எரிந்தது. இதை மறைத்து எழுதினால் இந்த வாக்குமூலத்துக்கே அர்த்தமில்லை.

மறுநாள் அவள் ஆபீஸுக்குப் போய் மரியாதையாகத்தான் கேட்டேன். அவளும் மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். “சார், உங்ககிட்ட இருந்து எடுத்ததுதான், இல்லைங்கலை. ஆனா நான் எவ்வளவோ மாத்திட்டேன். உங்க படிக்கட்டுல ஒம்பதாவது படி கால் இஞ்சு நீண்டு கெடந்துச்சு. அதையும் திருத்திட்டேன். இப்பம் அது என்னோடதுதானே சார்?”

அந்தக் கால் அங்குலம் பிழையில்லை. யாராவது திருடினால் அடையாளம் காட்ட நானே வேண்டுமென்று வைத்தது. அதைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டு, எனக்கு உதவி செய்ததைப் போலச் சொல்கிறாள். எனக்கு அப்போது ஒன்று தெளிவானது. கோட்டில் தவறு வைத்தால் கண்டுபிடித்துவிடுவாள். காங்கிரீட்டுக்குள் கட்டும் கம்பியில் வைத்தால் கண்டுபிடிக்க மாட்டாள். கம்பியைப் பற்றி என் வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பதில்லை. தெரியாதவர்களும் வரைய வேண்டும் என்றுதானே துண்டுகளே செய்தேன்.

பால்கனி என்பது ஒரு பக்கம் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் அந்தரத்தில் நிற்கும் தளம். கையை முன்னால் நீட்டி ஒரு வாளியைப் பிடித்துப் பாருங்கள். தோளின் மேல்பக்கம்தான் இழுக்கும். அதேபோல் பால்கனிக்கும் மேல்பக்கம்தான் இழுவை. அதனால் முக்கியக் கம்பி மேலே வர வேண்டும். கீழே கட்டினால் காங்கிரீட் இறுகிய பிறகும் தளம் நிற்காது. கம்பி கட்டுகிற யாருக்கும் தெரிந்த விஷயம் இது.

நான் பால்கனித் துண்டில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். தளம் சுவரிலிருந்து நான்கு அடி நீளும் வரைக்கும் கம்பி மேலே. நான்கு அடிக்கு மேல் எண் கொடுத்தால் கம்பி கீழே போய்விடும். எல்லா வீட்டுக்கும் பொதுவாக வைத்திருக்கலாம், வைக்கவில்லை. சாதாரண வீடுகளில் பால்கனி மூன்று அடிதான் இருக்கும். அவர்களுக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்துத்தான் நான்கு என்று வைத்தேன். பொறுப்பில்லாதவன் என்று என்னை யாரும் சொல்லிவிட முடியாது.

பெரிய தாளில் பிரிண்ட் எடுக்க அவள் சனிக்கிழமைதோறும் என்னிடம்தான் வருவாள். ஒரு சனிக்கிழமை, ‘பால்கனி – புதிது’ என்று எழுதிய பிளாப்பியை மேஜையில் வைத்துவிட்டுக் காபி குடிக்கக் கீழே இறங்கினேன். கையில் கொடுக்கவில்லை. வைத்தேன். திரும்பி வந்தபோது பிளாப்பி அங்கேயேதான் இருந்தது, கொஞ்சம் தள்ளி. அடுத்த சனிக்கிழமை மஹ்மூதா பீவி வீட்டுப் படத்தை அவள் பிரிண்ட் எடுத்தாள். பேட்டையில் மாடி கட்டுகிறார்கள். அந்த அம்மாளும் கூடவே வந்திருந்தார். மகள் ரைஹானத்துக்கு இரண்டு மாதத்தில் நிக்காஹ். மாப்பிள்ளை ஊர்வலம் வரும்போது பெண்கள் எல்லோரும் நின்று பார்க்கத் தெருப்பக்கம் ஐந்து அடிக்குப் பால்கனி வேண்டும் என்று ஆசையாகச் சொன்னார். படம் மெஷினிலிருந்து வெளியே வந்தது. பால்கனியை வெட்டிக் காட்டும் படத்தில் கம்பி கீழே இருந்தது. படம் நன்றாக இருக்கிறதா என்று அந்த அம்மாள் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன்.

பெண்கள் கூட்டமாக நிற்கும்போது விழட்டும் என்று நான் நினைத்ததாக யாரும் எழுதிவிடக்கூடாது. அப்படிப்பட்டவன் இல்லை நான். ஐந்து அடிக்கு அந்தத் தளம் கல்யாணம் வரைக்கும் தாங்காது. அடியில் தாங்கி நிற்கும் முட்டுக் கம்புகளை எடுத்த அன்றே விழுந்துவிடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஊர் முன்னால் அவள் வேலை என்ன லட்சணம் என்று தெரியும், அவ்வளவுதான். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகாது என்பதுதான் என் கணக்கு.

காங்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் மத்தியானம் அப்பாத்துரை சைக்கிளில் வந்தார். அந்த வீட்டுக்குக் கம்பி கட்டுகிறவர் அவர்தான். என் மேற்பார்வையில் பதினான்கு வருடம் கம்பி கட்டியவர். கையெல்லாம் துரு என்பதால் நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று நின்றுகொண்டே பேசினார்.

“அண்ணாச்சி, நான் மேலதான் கட்டுனேன். படம் வரைஞ்ச அந்தம்மா வந்து பாத்துட்டு, படத்துல கீழல்லா இருக்கு, பிரிச்சுக் கட்டுங்கன்னு சொல்லுதாங்க. கம்ப்யூட்டர் போட்ட படமாம். கம்ப்யூட்டர் தப்பாப் போடுமா அண்ணாச்சி?”

படத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கீழே என்றார். பிறகு போய்விட்டார்.

காங்கிரீட் போட்டு மூன்று வாரம் முட்டு நிற்க வேண்டும். அந்த மூன்று வாரமும் தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் போனேன், அது எனக்குச் சுற்று வழி என்றாலும். பால்கனியின் அடியில் வரிசையாக முட்டுகள் நிற்கும். மஹ்மூதா பீவி மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். ஒரு நாள் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன். ரைஹானத்தான் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். சொல்லிவிடலாமா என்று அன்றைக்கு ஒரு முறை தோன்றியது. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு அப்போது மனமில்லை.

இருபத்தோராவது நாள் காலை பதினொரு மணிக்கு முட்டு எடுத்தார்கள். எதிரே டீக்கடையில் நின்றிருந்தேன். முதல் முட்டைத் தட்டி எடுத்தபோது ஒன்றுமில்லை. இரண்டாவதை எடுத்தபோது சுவரை ஒட்டி மேலே ஒரு வெடிப்பு ஓடியது. கீழே நின்றவருக்கு அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. நான் நின்ற இடத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். மூன்றாவது முட்டோடு தளம் மொத்தமாக மடங்கி விழுந்தது. அப்பாத்துரை அதன் அடியில் இருந்தார். தூக்கி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது, அதற்குள் உயிர் போயிருந்தது. நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அப்பாத்துரை அன்று சும்மா போய்விடவில்லை. முப்பது வருடமாக மேலேதான் வைக்கிறேன், மனசு ஒப்பவில்லை, பிரிக்காமல் மேலேயே விட்டுவிடுகிறேன், அந்தம்மாவிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். அவர் அப்படி விட்டிருந்தால் பால்கனி நின்றிருக்கும். ரைஹானத் கல்யாணத்தில் எல்லோரும் அதில் நின்று சித்ரலேகாவைப் பாராட்டியிருப்பார்கள். “இப்பம் வார முறுக்குக் கம்பிக்குக் கணக்கே வேற. படத்துல உள்ளபடி கட்டும்வே. பயப்படாதிரும்” என்றேன். நான் சொன்னது இதுதான், இதற்கு மேல் இல்லை.

“நீங்க சொன்னாச் சரிதான் அண்ணாச்சி. எதுக்கும் முட்டு எடுக்கயில வேற ஆளை விடாம நானே நின்னு பையப் பாத்து எடுக்கேன்” என்றார்.

ஆகவே கீழே நிற்கப்போவது யார் என்பது எனக்கு மூன்று வாரம் முன்பே தெரியும். யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டதாக மேலே எழுதியிருக்கிறேன். அதை அடிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். ஆனால் தட்டி எடுக்காமல் எந்த முட்டும் தானாக வெளியே வராது. இருபது வருடம் கட்டட வேலையிடங்களில் நின்றவன் நான்.

சித்ரலேகாவை நீங்கள் கைது செய்து நான்கு நாள் ஆகிறது. அவள் என் பெயரைச் சொல்லவே இல்லை என்று கேள்விப்பட்டேன். ‘அந்தத் துண்டு நான் செய்தது, தப்பும் என்னுடையதுதான்’ என்று சொல்லிவிட்டு அழுதாளாம். நேற்றுப் பத்திரிகையிலும் அப்படியே வந்திருந்தது. ‘பெண் வடிவமைப்பாளர் தானே உருவாக்கிய கம்ப்யூட்டர் முறை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஒரு பாவமும் அறியாத பெண் ஜெயிலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன்.

துண்டுகள் எல்லாம் உள்ள பிளாப்பியை இதோடு இணைத்திருக்கிறேன். ஒவ்வொரு துண்டும் என்றைக்குச் செய்தது என்று தேதி அதிலேயே இருக்கிறது, சரிபார்த்துக்கொள்ளலாம். பத்திரிகைக்காரர்களுக்குத் தகவல் கொடுக்கும்போது தயவுசெய்து தெளிவாகச் சொல்லுங்கள்: பால்கனியைச் செய்தவர் நாறும்பூநாதன், மற்ற நாற்பத்தொன்றும் அவருடையவைதான்.