பசிக்காத செடி

என் மச்சினன் தங்கமானவன், ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். யார் பசியையும் பொறுக்க மாட்டான். தெருநாய்க்கு ஒரு வாய் போடாமல் தன் தட்டில் கைவைத்ததில்லை. உரக்கடையில் வேலை. என் மனைவிக்கு ஒரே தம்பி என்பதால் எங்களோடுதான் இருந்தான்.

நான் தாவரப் பூங்காவில் அரிய செடிகளைப் பார்த்துக்கொள்கிறவன். மணற்பாறை இடுக்கில் மட்டும் வளரும் ஒரு குத்துச்செடி. பாறைகளை வெட்டித் தீர்த்துவிட்டார்கள். பூங்காவில் வைத்திருந்ததும் பட்டுப்போயிற்று. உலகத்திலேயே மிச்சமிருந்தது என் வீட்டுக் கொல்லையில் நின்ற ஒன்றுதான். அது சிவப்பாகப் பூத்த அன்று அழுதேன். என் கல்யாணத்தில்கூட நான் அப்படி அழுததில்லை.

அதற்கு ஒரு குணம். சத்தில்லாத மண்ணில் பிறந்தது, சத்துக் கொடுத்தால் செத்துவிடும். எலும்புத்தூள் உரம் அதற்கு விஷம். மச்சினனிடம் பொறுமையாகத்தான் சொன்னேன்.

"பட்டினி போட்டு வளக்குறீங்களே அத்தான், பாவமில்லையா?"

"அதுக்குப் பசிக்காதுடா."

"பசிக்குதுன்னு அது வாயத் தெறந்து சொல்லுமா?"

ஒரு காலையில், கைநிறைய எலும்புத்தூளோடு செடியடியில் உட்கார்ந்திருந்தான். கையைப் பிடித்தேன். "ஒரு பிடிதானே அத்தான்" என்று சிரித்துவிட்டு மறுபடி குனிந்தான். பாத்தியோரத்து மணற்கல் கைக்கு வாகாக இருந்தது. மணற்கல் மெதுவானது என்பார்கள். அவ்வளவு மெது இல்லை.

சிந்திய தூளைத் துளி விடாமல் வழித்தெடுத்தேன். அப்புறம்தான் அவனைக் கவனித்தேன். கொல்லை முழுக்க சிமெண்ட். தோண்ட முடிந்தது செடியைச் சுற்றியிருந்த மணலை மட்டும்தான். ஒரு வேர் அறாமல் ஆழமாகத் தோண்டினேன். பார்த்திருந்தால் எங்கள் மேலதிகாரியே முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார். வெளியூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று மனைவியிடம் சொன்னேன். சொல்லாமல் போய்விட்டானே என்று அவளுக்கு இன்னும் வருத்தம்.

மழை முடிந்ததும் இலையோரம் கருக ஆரம்பித்தது. சத்து மிஞ்சினால்தான் அப்படிக் கருகும். அவன் கடையிலிருந்து கொண்டுவந்த உர மூட்டையோ பூட்டிக் கிடக்கிறது, சாவி என் இடுப்பில். மண்டை காய்ந்துபோனேன். நேற்று மணலைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். வேரெல்லாம் அவன் பக்கமாகவே இறங்கியிருந்தது.

இன்று காலை செடி செத்துவிட்டது, ஐயா. அதனால்தான் அவன்மேல் புகார் கொடுக்க வந்தேன். எத்தனை முறை சொன்னேன், கடைசியில் கையால்கூடச் சொல்லிப் பார்த்தேன். உரம் போடுவதை அவன் நிறுத்தவே இல்லை.