சுவரில் ஒட்டிய சட்டம்

— வாயைப் பொத்திக்கிட்டு இருமு கண்ணு. வெளியே கேட்டுடப் போகுது.

— இருமலைப் பொத்தி வைக்க முடியுமா அண்ணி? மூச்சே வரல. பிளீச்சிங் கேன் மூடி கழண்டிருக்கு போல, கண்ணு ரெண்டும் எரியுது.

— முந்தானையை நனைச்சு மூக்குல வச்சுக்கோ.

— எதுல நனைக்க? இந்தக் கிடங்குல தண்ணியா வச்சிருக்கார் முதலாளி? சோப்பும் பிளீச்சிங்கும்தான். ஜன்னல்கூட கிடையாது.

— மெதுவாப் பேசுடி. லாண்டிரியில மெஷினெல்லாம் நிப்பாட்டியாச்சு, தும்மினாக்கூட முன்னால கேட்கும். லேபர் ஆபீசர் இப்பப் போயிடுவார். அவர் போனதும் முதலாளி பூட்டைத் திறந்துடுவார்.

— இப்ப இப்பன்னு எவ்வளவு நேரம்? ஆபீசர் வண்டி வாசல்ல வந்ததும் ரெண்டு பேரையும் ஆட்டை அடைக்கிற மாதிரி தள்ளி அடைச்சார். போனையும் பிடுங்கிட்டார். வயித்தைத் தொட்டுப் பாருங்க, கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு.

— சூட்டு வலியா இருக்கும். ஏழு மாசத்துல அப்படித்தான் இழுத்துப் பிடிக்கும். அந்தத் துணி மூட்டை மேல உட்காரு.

— உட்கார்ந்தா நெடி இன்னும் அதிகமா இருக்கு. கதவு இடுக்குல கொஞ்சம் காத்து வருது, நான் இங்கேயே சாஞ்சுக்கிறேன். காலையில நாற்காலி மேல ஏறி போஸ்டர் ஒட்டும்போதே இழுத்துச்சு.

— மாசமா இருக்கிற உன்னை யாருடி ஏறச் சொன்னது?

— வேற யாரு? "நீதான் படிச்சவ, தலைகீழா ஒட்டித் தொலைக்காம நேரா ஒட்டு"ன்னு நாற்காலியைப் போட்டுக் கொடுத்தாரே! தொழிலாளர் சட்டமெல்லாம் சுவத்துல இல்லைன்னா அபராதமாம். அவசரத்துல வாங்கிட்டு வந்து, விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கல. ஒட்டிக்கிட்டே படிச்சேன். மாசமா இருக்கிறவளை இந்த மாதிரி மருந்து நெடியில வச்சு வேலை வாங்கக் கூடாதாம்.

— இப்ப யார் உன்னை வேலை வாங்குறா? சும்மாதானே நிக்கிறே.

— நல்ல நேரம் பார்த்தீங்க தமாஷ் பண்ண.

— பண்ணலைன்னா ஒப்பாரிதான் வைக்கணும். எனக்கு மட்டும் நெஞ்சு அடைக்கலையா?

— தட்டலாம் அண்ணி. ஒரே ஒரு தட்டு.

— தட்டினா? நாம ரெண்டு பேரும் ரெஜிஸ்டர்லயே இல்லாத ஆளுங்க. பத்துப் பேர் ஆயிட்டா நமக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் கட்டணும்னு எழுதாம வச்சிருக்கார். மாட்டினா அவர் அபராதத்தை விட்டெறிஞ்சுட்டுப் போயிடுவார். நாம எங்கேடி போறது? உங்க அண்ணன் இடுப்பு ஒடிஞ்சு படுத்த படுக்கையா கிடக்கார். நம்ம சம்பளம் நின்னா வீட்டுல அடுப்பு எரியாது. கால்ல விழுந்து வாங்கின வேலை இது. கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோ, என் ராசாத்தி.

— குழந்தை அசையல அண்ணி.

— என்னது?

— கதவைப் பூட்டினதுலேர்ந்து அசையவே இல்ல. சொன்னா பயந்துடுவீங்கன்னு சொல்லல.

— தூங்குதாயிருக்கும்டி. இப்படித் திரும்பு, கையை வச்சுப் பார்க்கிறேன்... செல்லம், ஒரு உதை விடு பார்ப்போம். அத்தை கையில ஒரே ஒரு உதை...

— தெரியுதா?

— எனக்கு ஒண்ணும் தெரியலையேடி!

— கத்துங்க அண்ணி. எனக்குக் குரல் வரல.

— கடவுளே, நான் என்ன பண்ணுவேன்... இரு, இரு. பேச்சு கிட்ட வருது. நீதான் கதவுல சாஞ்சிருக்கியே, ஆபீசர் என்ன சொல்றார்?

— போஸ்டரைப் பார்க்கிறார். "நேரா ஒட்டியிருக்கு, எழுத்தும் அழகா இருக்கு"ங்கிறார்... ஐயோ, போச்சு அண்ணி.

— என்னடி போச்சு?

— போஸ்டருக்கு அடியில ஒரு கட்டம் இருந்துச்சு. இங்கே எத்தனை பேர் வேலை செய்றாங்கன்னு அதுல எழுதணும். ஒம்போதுன்னு எழுதச் சொன்னார் முதலாளி.

— எழுதினியா இல்லையா?

— தினமும் எல்லாருக்கும் டீ ஊத்துற கை அண்ணி. டம்ளர் எண்ணுற ஞாபகத்துல பதினொண்ணுன்னு எழுதிட்டேன்.

— அடிப்பாவி, குடியைக் கெடுத்தியே!

— "பதினொண்ணுன்னு போட்டிருக்கு, இங்கே ஒம்போது பேர்தானே நிக்கிறாங்க"ன்னு கேட்கிறார்.

— முதலாளி என்ன சொல்றார்? சீக்கிரம் சொல்லு!

— "எழுதின பொண்ணுக்கு எண்ணத் தெரியாது சார். அப்படி ரெண்டு பேர் இங்கே கிடையவே கிடையாது"ங்கிறார். ஆபீசர் பேனா கேட்கிறார். அந்தப் பதினொண்ணை அடிச்சுத் திருத்தப் போறார் போல.

— கிடையவே கிடையாதாமா?

— அப்படித்தான் சொன்னார்.

— நீ தள்ளுடி... சார்! திருத்தாதீங்க சார்! எங்க பொண்ணு சரியாத்தான் எண்ணியிருக்கா! அந்த ரெண்டு பேரும் இந்தக் கிடங்குல உசுரோட இருக்கோம், கதவை உடைங்க!