ஆப்பிள் பழுக்கும் மாதம்

எங்கள் வீட்டு மேசை சற்று ஆடும். சிவகாமசுந்தரி கட்டுரை எழுத வந்த அன்றே தீப்பெட்டி அட்டையை மடித்து அதன் காலுக்கடியில் செருகினாள். கெட்டிக்காரப் பெண்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். மலாக்கா நீதிமன்றத்தில் இருபது வருடமாக நான் மொழிபெயர்ப்பாளர். சாட்சி சொன்னதில் ஒரு சொல் கூட்டியதில்லை, குறைத்ததில்லை.

எங்கள் பகுதியான காஜா பேராங்கில் தபால் வழியாகப் படித்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி, முனிசிபல் லாரி ஓட்டும் ஏகாம்பரத்தின் மகள் சிவகாமசுந்தரி. மற்றவன் ஜெயபாலன். மலாயா சுதந்திரத்துக்கு முந்திய வருடம் இருவரும் சிங்கப்பூரில் ஒரு கல்லூரிக்கு மனுப் போட்டார்கள். தபால் மாணவருக்கு அங்கே ஓர் இடம்தான். உறவில்லாத ஒரு சாட்சியின் முன்னால் கட்டுரை எழுத வேண்டும். சாட்சியே உறையை ஒட்டி அனுப்ப வேண்டும். இருவருக்கும் நானே சாட்சி. ஜெயபாலனை என் மகள் மல்லிகாவுக்குப் பேசி வைத்திருந்தோம். மாப்பிள்ளை ஆனது பிறகுதான். அன்று உறவில்லை.

அவள் சனிக்கிழமை எழுதினாள். உறையை நான் ஒட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் எழுத வந்தான். அவளுடைய தாள் மேசைமேல் இருந்தது. நான் சாப்பிடப் போனேன்.

கல்லூரிக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு கட்டுரைகளிலும் இங்கிலாந்தின் ஆப்பிள், நம் டுரியான் பழத்தைப் போல, ஜூனில் பழுத்து விழுந்தது. அங்கே ஆப்பிள் பழுப்பது செப்டம்பரில்; ஒரே தவறு இரண்டிலும். யாரைப் பார்த்து யார் எழுதியது என்று என்னிடம் கேட்டார்கள்.

சிவகாமசுந்தரி வந்து நின்றாள்.

"ஐயா, நான் எழுதுனப்ப நீங்க எதிர்லயே உக்காந்திருந்தீங்க."

"ஆமாம்மா."

"அத அப்படியே எழுதிப் போடுங்க. அப்பா பெட்டிகூட வாங்கிட்டாரு. எடம் கெடைக்கலன்னா அதுல வெங்காயந்தான் போட்டு வைக்கணும்."

"எழுதிப் போடுறேன்."

எழுதினேன். ஒருவர் என் கண்முன் எழுதினார், மற்றவர் அதைப் பார்த்து எழுதினார் என்று. அவள் இனி எந்தப் பரீட்சையும் எழுதக் கூடாது என்று உத்தரவு வந்தது. அவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். மல்லிகாவின் கூறைப்புடவையை அவள்தான் மடித்துக் கொடுத்தாள்.

"நல்லா எழுதுற மாப்பிள்ளையாமே, ஐயா" என்றாள்.

உங்களுக்குப் புகார் அனுப்பியது அவளாக இருக்காது. மனத்தாங்கல் இருந்தால் அப்படிச் சொல்வாளா?

என் கடிதம் உங்கள் கையில் இருக்கிறது. படித்துப் பாருங்கள். அதில் உள்ள ஒவ்வொன்றும் நடந்ததுதான். பெயர்களை மட்டும் மாற்றிப் போட்டேன்.